ஒரு தீவுக்கு எத்தனை பெயர்!

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

 

என்ஜினீயர் மைக்கைப் பிடித்தால் மெஷினைப் பற்றித்தான் பேசுவான் என்று பயந்திருப்பீர்கள். வேண்டாம். இன்றைக்கு ஒரு பெயரைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். நமக்குத் தெற்கே கடல் தாண்டி இருக்கிற தீவின் பெயர்.

அதற்கு முன்னால் நம் பக்கத்து ஊர். வெள்ளானூருக்குப் படிக்க வந்த முதல் வாரத்திலேயே யாராவது ஒரு சீனியர் சொல்லியிருப்பார்: ஆவடி என்பது ஊர்ப்பெயரே இல்லையாம், டாங்கி, வெடிமருந்துக் கிடங்கு என்று நீளும் ஓர் இங்கிலீஷ் பெயரின் முதலெழுத்துகளாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-ல். அதற்குப் பத்து வருஷம் முன்பே, 1955 ஜனவரியில், காங்கிரஸ் மகாசபை இங்கே கூடி, 'ஆவடி மாநாடு' என்று நாடெல்லாம் பேசியாகிவிட்டது. ஊர் முந்தி, டாங்கி பிந்தி. பெயருக்கு விளக்கம் சொல்ல வருபவரிடம் முதலில் 'எந்த வருஷம்?' என்று கேட்டுவிட வேண்டும்.

இதே கேள்வியோடு இலங்கைக்குப் போவோம். கோதாவரி ஆற்றின் நடுவே உள்ள திட்டுகளைத் தெலுங்கர்கள் 'லங்கா' என்றே சொல்கிறார்கள். அங்கே விளையும் புகையிலைக்கு லங்காப் புகையிலை என்று பெயர். 1890-ல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில்கூட அந்தச் சுருட்டு வருகிறது! நாம் அதையே அரங்கம் என்போம், துருத்தி என்போம். திருவரங்கமும் திருப்பூந்துருத்தியும் அப்படி வந்தவைதான். ஆக, லங்கா என்றாலே தீவு.

கிரேக்கர்கள் அதை 'தப்ரபேன்' என்றார்கள். அசோகரின் கல்வெட்டில் தம்பபண்ணி. அதாவது தாமிரபரணி. நம் திருநெல்வேலி ஆற்றுக்கும் அதே பெயர். ஆற்றிலிருந்து தீவுக்குப் போனதா, தீவிலிருந்து ஆற்றுக்கு வந்ததா என்று அறிஞர்கள் வாதாடட்டும். ஆறாம் நூற்றாண்டில் காஸ்மஸ் என்ற கிரேக்க வியாபாரி 'சியெலெதிபா' என்று எழுதினார். சிங்களத் தீவு என்பதன் மருவல் அது. அரபியர் வாயில் செரந்தீப் ஆயிற்று. 1505-ல் வந்த போர்ச்சுகீசியர் 'செய்லாவ்' என்றார்கள், இங்கிலீஷ்காரர் சிலோன் ஆக்கினார்கள். ஈழமும் 'சீகளம்' என்பதிலிருந்து தேய்ந்து வந்ததுதான் என்று கால்டுவெல் கருதினார். மறுப்பவர்களும் உண்டு. தமிழில் ஈழம் என்றால் பொன், கள் என்றும் பொருள் இருக்கிறது. எப்படியானாலும் பட்டினப்பாலையிலேயே ஈழம் வந்துவிடுகிறது. நேற்று முளைத்த அரசியல் சொல் இல்லை.

ராஜராஜன் படையெடுத்துப் பிடித்த பகுதிக்கு மும்முடிச் சோழ மண்டலம் என்று பெயர் வைத்தான். இன்றைக்கு யார் வாயிலாவது அது வருகிறதா? வாள் வைத்த பெயர் கல்வெட்டோடு நின்றுவிட்டது.

சட்டம் வைக்கிற பெயர் வேறு விதம். 1958-ல் அங்கே வண்டி நம்பர் பிளேட்டில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து ஒரு பெரிய தகராறு. ஒரே ஓர் எழுத்து! தமிழர்கள் தார் பூசி அழித்தார்கள். கொழும்பில் தமிழ்ப் பலகைகளில் தார் விழுந்தது. அந்த வருஷக் கலவரத்தில் உயிர்கள் போயின. 1972 மே 22-ல் நாடு குடியரசான போது அதே 'ஸ்ரீ', நாட்டின் பெயருக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்தது. சிங்களவருக்கு அது மங்கலச் சொல். நம்பர் பிளேட்டை மறக்காதவருக்கு? நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

சிலோன் மட்டும் இன்னும் போகவில்லை. டீத்தூள் பாக்கெட்டில் இருக்கிறது, பாங்க் ஆஃப் சிலோனில் இருக்கிறது, நம் ஹோட்டல் பரோட்டாவில் இருக்கிறது. மனிதர்கள் மேலும் ஒட்டிக்கொண்டது. 1964 சிரிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தில் தலை எண்ணிப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே. அப்படி வந்த தோட்டத் தொழிலாளிகளை நீலகிரியில் 'சிலோன்காரங்க' என்றார்கள். அங்கே 'இந்தியத் தமிழர்', இங்கே 'சிலோன்காரர்'. இரண்டு இடத்திலும் அடுத்த ஊர்க்காரர்தான்.

1983-க்குப் பிறகு போருக்குத் தப்பி வந்தவர்கள் வேறு. நமக்குப் பக்கத்தில் புழலிலேயே முகாம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றியது, நல்ல காரியம். ஆனால் 2019-ன் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்றே பெயர்கள். இலங்கை அதில் இல்லை.

எங்கள் செட்டில் முகாமிலிருந்து வந்த நண்பன் ஒருவன் இருந்தான். அவன் பாட்டி 'சிலோன்' என்பார், அப்பா 'ஈழம்' என்பார், அவன் 'இலங்கை' என்பான். பிறந்தது இங்கே; அந்தத் தீவைக் கண்ணால் பார்த்ததில்லை. கேம்பஸ் இன்டர்வியூவுக்கு வந்த ஒரு கம்பெனியின் ஃபாரத்தில் 'எந்த நாட்டுக் குடிமகன்' என்று ஒரு கட்டம். எழுத்துத் தேர்வில் எங்களுக்கெல்லாம் முன்னால் நின்றவன், அந்தக் கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இந்தியன் என்று எழுத முடியாது, இலங்கையன் என்று எழுத மனசு வரவில்லை. கடைசியில் ஒரு கோடு போட்டான். வேலை கிடைக்கவில்லை. பாஸ்போர்ட் இல்லாதவனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்ப முடியாது என்றார்களாம். பிறகு ஒரு சிறிய பட்டறையில் சேர்ந்து, இன்றைக்கு அங்கே டிசைன் பிரிவு அவன் கையில்.

வேலைவாய்ப்புக் குழுவில் இருக்கும் தம்பிகளே, இந்த வருஷமும் அந்தக் கட்டத்தில் கோடு போடுகிற பிள்ளை யாராவது இருந்தால், ஃபாரத்தை அனுப்புவதற்கு முன்னால் எங்கள் சங்கத்துக்கு ஒரு போன் போடுங்கள். பாஸ்போர்ட் கேட்காத கம்பெனிகளில் வேலை பார்க்கிறவர்கள் இந்த ஹாலிலேயே நிறையப் பேர் இருக்கிறோம்.