பெப்டைடும் பாலிமரும்: ஆற்றலும் விலையும்



பொருளாதாரம் பயின்ற எனக்கு இவ்வேதியியல் அரங்கில் பேச வாய்ப்பளித்தமைக்கு நன்றி. வரவு, செலவு என்னும் இரு சொற்களைக் கொண்டே இப்பொருளை நோக்க விழைகிறேன்.

மருந்துகளுக்குப் பணியாத பாக்டீரியாக்களால் 2019ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 12.7 லட்சம் பேர் மாண்டனர் என மதிப்பிடப்பட்டுள்ளது. புதிய மருந்துகளின் தேவைக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இயற்கை ஒரு வழியைக் காட்டியுள்ளது. 1987இல் மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்கத் தவளை ஒன்றின் தோலிலிருந்து மகைனின் என்னும் பெப்டைடைப் பிரித்தெடுத்தார். 23 அமினோ அமிலங்களைக் கொண்ட சிறு சங்கிலி அது. நேர்மின்னூட்டம் உடையதாதலால், எதிர்மின்னூட்டம் மிகுந்த பாக்டீரியாச் சவ்வை நாடிச் சென்று குலைக்கிறது. ஆயினும் இத்தகைய பெப்டைடுகளை உடலினுள் செலுத்தினால் நொதிகள் அவற்றைச் சிதைக்கின்றன. சிறுநீரகம் விரைவில் வெளியேற்றிவிடுகிறது. அளவு மிகுந்தால் இரத்தச் சிவப்பணுக்களும் சேதமுறக்கூடும்.

இக்குறைகளைப் போக்கவே பெப்டைடைப் பாலிமருடன் இணைக்கின்றனர். பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற பாலிமர், போர்வையாக அமைந்து நொதிகளைத் தடுக்கிறது. மூலக்கூறு பெரிதாவதால் சிறுநீரகத்தின் வழியே எளிதில் வடிவதில்லை. இது வரவு. செலவும் உண்டு. அதே போர்வை, பெப்டைடு சவ்வை அணுகுவதையும் தடுத்துக் கொல்லும் திறனைக் குறைக்கிறது. ஆகவே பாலிமரின் நீளத்தையும் இணைக்கும் இடத்தையும் தேர்வதும், தொற்றுள்ள இடத்தில் அறுபடும் இணைப்பை அமைப்பதும் ஆய்வின் மையமாயின. 2016இல் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தார் வேறு வழி கண்டனர். பெப்டைடுச் சங்கிலிகளையே விண்மீன் வடிவப் பாலிமராக அமைத்து, பல மருந்துகளுக்கு அடங்காத பாக்டீரியாவைச் சுண்டெலிகளில் கட்டுப்படுத்தினர்.

இனி என் துறைக்கு வருகிறேன். அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பெப்டைடு செய்வது பெருஞ்செலவு. விற்பனையும் உறுதியன்று. நல்ல நுண்ணுயிர்க்கொல்லியைச் சிக்கனமாகவே பயன்படுத்த வேண்டும். அச்சிக்கனமே விற்பனையைக் குறைக்கும். 2018இல் அமெரிக்காவில் பிளாசோமைசின் என்னும் மருந்து அனுமதி பெற்றது; மறு ஆண்டே அதை உருவாக்கிய நிறுவனம் நொடித்தது. எனவே இதனைச் சந்தையிடம் மட்டும் ஒப்படைக்க இயலாது. அரசின் முதலீடு இன்றியமையாதது.

மானியம் பரிந்துரைக்கும் எங்களைப் போன்றோர், எத்தனை கட்டுரைகள் வெளிவந்தன என்று கேட்டோமேயன்றி, ஒரு நாள் மருந்துக்கு என்ன செலவாகும் என்று கேட்டதில்லை. அக்குறை எங்களுடையது. உங்களிடம் ஒரு வேண்டுகோள்: விலையை இறுதியில் கணக்கிடாதீர்கள். குறுகிய பெப்டைடு, எளிய பாலிமர், குறைந்த தயாரிப்புப் படிகள் ஆகியவற்றை முதல் நாளிலேயே கருத்திற்கொள்ளுங்கள். மாவட்ட மருத்துவமனையின் பொதுப்பிரிவில் படுத்திருக்கும் நோயாளிக்கு எட்டாத மருந்து, ஆய்வுக்கூடத்தில் எத்துணை ஆற்றல் காட்டினும், நாட்டுக்குப் பயன்தராது.