காங்கேயத்துக் காடு

இன்று கோயம்புத்தூரிலிருந்து திருச்சி சாலையில் சூலூர், பல்லடம் தாண்டிக் காங்கேயம் வரை போவோம். போகப்போக மேற்குமலை பின்தங்கிவிடும். நிலம் வெளுத்து, வறண்டு, விரிந்து கிடக்கும். வழியில் ஏதாவது ஒரு வாசலில் நின்று, "பெரியவர் இருக்காருங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். "காட்டுக்குப் போயிருக்காருங்க" என்று பதில் வரும்.

யானை நடமாடும் காடல்ல அது. சோளமும் கொள்ளும் விதைக்கிற மானாவாரி நிலம். வாய்க்கால் பாய்ந்தால் வயல், கிணறு இருந்தால் தோட்டம், வானம் பார்த்த பூமி என்றால் காடு. கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் கோபிச்செட்டிபாளையத்தில் வயலுக்குப் போவார்கள். இங்கே காட்டுக்குப் போகிறார்கள். மரத்தை வெட்டி, கல்லைப் பொறுக்கி, தலைமுறை தலைமுறையாக உழுத பிறகும் பழைய பெயரை இந்த மக்கள் விடவில்லை. எனக்கு இது பெரிய விஷயமாகப்படுகிறது.

டென்மார்க் நாட்டுப் பெயரில் ஒட்டியிருக்கும் 'மார்க்' என்ற சொல்லும் இப்படி நடந்து வந்ததுதான். அதன் ஆதிப் பொருள் எல்லை. ஊரெல்லையில் இருந்தது காடு என்பதால், பழைய நார்ஸ் மொழியில் அது காட்டையே குறித்தது. இன்றைய டேனிஷ் விவசாயிக்கு 'மார்க்' என்றால் உழுகிற நிலம்.

காங்கேயத்தைச் சுற்றிக் கொறங்காடு என்று இன்னொரு வகைக் காடும் உண்டு. அது உழவுக்கல்ல, மேய்ச்சலுக்கு. உள்ளே கொழுக்கட்டைப் புல், ஆங்காங்கே நிழலுக்கு வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. கிளுவைக் குச்சியை வெட்டி நெருக்கமாக நட்டால் போதும், அதுவே வேர்விட்டு முள்ளும் கிளையுமாகப் பின்னிக்கொள்ளும். படலைச் சாத்திவிட்டால் மேய்ப்பவர் இல்லாமலே மாடுகள் நாளெல்லாம் மேயும். காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லில்தான். கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும். ஏறக்குறைய ஆறு மாதத்தில் நிறம் மாறிச் சாம்பல் பூத்துவிடும்.

இப்போது பல இடங்களில் கிளுவையைப் பிடுங்கிக் கம்பிவேலி போடுகிறார்கள். வீட்டுமனைக்குக் கல் நடுகிறார்கள். கொறங்காடு போனால் புல் போகும், புல் போனால் இந்த மாட்டினத்துக்கு என்ன மிஞ்சும்?

போவதானால் ஐப்பசி மழைக்குப் பிறகு போங்கள். கோடையில் இலையுதிர்த்துக் குச்சியாக நின்ற கிளுவை அப்போது பச்சைப்பசேலென்று இருக்கும். புல்லும் கணுக்காலுக்கு மேல் வளர்ந்திருக்கும். படலைத் திறக்குமுன் காட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.