கப்பல் பலகையில் கற்ற எழுத்து
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நமக்கு அளிக்கப்பட்டிருக்கும் பொருள் அமெரிக்க நாட்டின் வரலாறும் பண்பாடும். இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் வாழும் நமக்கு அமெரிக்கா எதற்கு என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. திரையில் தோன்றும் வானளாவிய மாடங்களையும் விரையும் கார்களையும் கண்டு வியப்பதற்குக் கருத்தரங்கம் வேண்டுவதில்லை. ஆயின் அந்நாட்டின் கதையில் நம் கடற்கரையும் கலந்திருக்கிறது. அங்கே மிதிக்கப்பட்ட ஒரு மக்கட்கூட்டம் எழுத்தைக் கைப்பற்றிய வரலாறும் இருக்கிறது. இவற்றைப் படத்தால் ஓரளவும், நூலால் மிகுதியும், நமக்குள் கூடிப் பேசுவதால் முழுமையாகவும் அறியலாம் என்பது நம் துணிபு.

காலாடிப்பேட்டையிலிருந்தே தொடங்குவோம். 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் அது. காலெட்பேட்டை என்பது மக்கள் வாயில் காலாடிப்பேட்டை ஆயிற்று. நாளெல்லாம் தறியில் அமர்ந்து உழைத்தோரின் ஊருக்கு ஊர்சுற்றிகளின் பெயர் வாய்த்தது விந்தைதான்! அதே காலத்தில், 1718-இல், அமெரிக்காவில் கனெக்டிகட் என்னும் குடியேற்றப் பகுதியில் இருந்த ஒரு சிறு கல்லூரிக்கு எலிஹு யேல் என்பவர் ஒன்பது பொதிச் சரக்கும், 417 நூல்களும், மன்னர் முதலாம் ஜார்ஜின் ஓவியமும் அனுப்பினார். துணி வகைகள் நிறைந்த அச்சரக்கை விற்று 562 பவுன் பெற்றனர். நன்றியாகக் கல்லூரி அவர் பெயரைச் சூட்டிக்கொண்டது. இன்று உலகறிந்த யேல் பல்கலைக்கழகம் அதுவே.

இந்த யேல் 1687 முதல் 1692 வரை நம் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநர். அவர் செல்வம் சேர்த்தது இம்மண்ணில்தான். ஐரோப்பாவுக்குச் செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளை ஏற்ற வேண்டும் என்ற கம்பெனியின் விதி அவர் காலத்தில் இங்கே நடப்பில் இருந்தது. கொடையாளர் பெயர் கட்டடத்தில் நிற்கிறது. கப்பலில் ஏற்றப்பட்டோர் பெயர் எங்கும் இல்லை. அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக அப்பல்கலைக்கழகம் 2024-இல் முறைப்படி மன்னிப்புக் கோரியது. ஆகவே அமெரிக்க வரலாறு அயல் வரலாறு அன்று.

இனிப் படங்கள். நம் இளைஞர்கள் அமெரிக்காவை முதலில் அறிவது படங்களால்தான். அதில் குற்றமில்லை. ஆனால் படம் முடிந்தபின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இதில் நடித்தவர்கள் எங்கே அமர வைக்கப்பட்டனர்?

1939-இல் வெளிவந்த ‘கான் வித் த விண்ட்’ என்னும் புகழ்பெற்ற படத்தில் அடிமைகள் எசமானரின் குடும்பத்தைத் தம் குடும்பமாகவே நேசித்து மகிழ்ந்திருக்கக் காண்கிறோம். அதில் பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டேனியல் என்ற அம்மையார், அட்லாண்டா நகரில் நடந்த முதற்காட்சிக்குச் செல்ல இயலவில்லை. அங்கே வெள்ளையருடன் சமமாக அமரக் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. 1940 பிப்ரவரி 29 அன்று துணை நடிகைக்கான ஆஸ்கார் விருது அவருக்கே கிடைத்தது. அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். விழா நடந்த விடுதி கறுப்பினத்தவரை அனுமதிப்பதில்லை. தயாரிப்பாளர் வேண்டிக்கொண்டதால் உள்ளே விட்டனர். எனினும் படக்குழுவினருடன் அன்றி, சுவரோரத்தில் தனி மேசையில் அமர்த்தினர். தேநீர்க்கடையில் தனிக் குவளை கண்ட நம் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்க வரலாறு அந்தப் படத்தில் இருப்பதைவிட அந்தச் சுவரோர மேசையில் மிகுதியாக இருக்கிறது. பிற்காலத்தில் 1977-இன் ‘ரூட்ஸ்’ தொலைக்காட்சித் தொடரும், 2013-இன் ‘ட்வெல்வ் இயர்ஸ் எ ஸ்லேவ்’ படமும் மறுபக்கத்தைக் காட்டின. இரு வகையையும் அடுத்தடுத்துப் பார்த்தால் படம் என்பது யாருடைய கண் என்று விளங்கும்.

நூல்களில் ஒன்றை மட்டும் சொல்கிறோம். துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கென்றே எழுதியது போன்ற நூல் அது. பிரடெரிக் டக்ளஸ் மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். சிறுவனாக பால்டிமோர் துறைமுக நகருக்கு அனுப்பப்பட்டார். வீட்டு எசமானி அவருக்கு எழுத்துச் சொல்லித்தரத் தொடங்கினாள். கணவன் தடுத்தான், படித்தால் இவன் அடிமையாக இருக்கத் தகுதியற்றவன் ஆகிவிடுவான் என்றான். அந்தச் சொல்லே சிறுவனுக்கு வழிகாட்டியது. எதைக் கண்டு எசமானன் அஞ்சுகிறானோ அதுவே விடுதலையின் வழி என்று தெளிந்தான்.

அதன்பின் அவன் கற்ற முறையைக் கேளுங்கள். வீட்டிலிருந்து ரொட்டியை எடுத்துச் சென்று, தெருவில் பசித்திருந்த ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்குக் கொடுத்து, மாற்றாகப் பாடம் கேட்டான். கப்பல் கட்டும் தளத்தில் தச்சர்கள் செதுக்கிய ஒவ்வொரு மரத்திலும் அது கப்பலின் எப்பக்கத்திற்கு உரியது என ஓர் எழுத்தைப் பொறிப்பர். இடப்பக்கத்திற்கு ஓர் எழுத்து, வலப்பக்கத்திற்கு ஓர் எழுத்து, முன்புறம் பின்புறம் என வேறு எழுத்துகள். அந்த நான்கு எழுத்துகளைப் பார்த்து எழுதக் கற்றான். பிறகு தெருச் சிறுவரிடம், உன்னைப் போல் எனக்கும் எழுத வரும் என்று சவால் விட்டு, அவர்கள் எழுதிக் காட்டிய மற்ற எழுத்துகளையும் கற்றுக்கொண்டான். வேலியும் சுவரும் நடைபாதையுமே அவன் ஏடுகள், சுண்ணக்கட்டியே எழுதுகோல். வளர்ந்தபின் மரக்கலங்களின் பலகை இடுக்குகளை அடைக்கும் தொழில் செய்தார். காசிமேட்டில் படகு செப்பனிடுவோர் நன்கறிந்த வேலைதான். 1838-இல் மாலுமி உடையில், சுதந்திர மாலுமி ஒருவரின் சான்றுச் சீட்டுடன் தப்பினார். 1845-இல் தம் வரலாற்றை எழுதினார்.

எழுத்தை மறுத்த அந்நாட்டிலிருந்தே எழுத்தைக் கொண்டுவந்தவரும் ஒருவர் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடபகுதிப் படையில் பணியாற்றிய கர்னல் ஆல்காட், 1894-இல் அடையாற்றில் ஆதிதிராவிடக் குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். 1898-இல் பண்டிதர் அயோத்திதாசர் இலங்கை சென்று பௌத்தம் தழுவியதிலும் ஆல்காட்டுக்குப் பங்குண்டு. இது நம் சமூகக் கல்வி வரலாற்றில் விரிவாக எழுதப்பட வேண்டிய பகுதி. இங்கே கடந்து செல்கிறோம்.

அண்ணல் அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயின்றதை யாவரும் அறிவர். இந்தியச் சாதிகள் பற்றிய தம் ஆய்வுரையை 1916 மே 9 அன்று அங்குதான் படித்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1946-இல், கறுப்பினத்தின் பேரறிஞர் டுபாய்ஸ் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டார். டுபாய்ஸ் அவ்வாண்டு ஜூலை 31 அன்று பரிவுடன் மறுமொழி எழுதினார். கடல்கடந்து நடந்த ஓர் உரையாடல் அது.

உரையாடல் ஒருவரை எப்படி மாற்றும் என்பதற்கு நம் ஊர்க்காரர் நினைவில் நிற்கும் ஒருவரைச் சொல்லலாம். குத்துச்சண்டை வடசென்னையின் இரத்தத்தில் ஊறியது. 1980 தொடக்கத்தில் முகமது அலி சென்னைக்கு வந்து, நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிசுடன் காட்சிப் போட்டி ஆடினார். வியட்நாம் போருக்குச் செல்ல 1967-இல் மறுத்துப் பட்டத்தை இழந்தவர் அவர். சென்னைக்கு வந்த அதே வேளையில், மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கும்படி ஆப்பிரிக்க நாடுகளிடம் பேச அமெரிக்க அதிபர் கார்ட்டர் அவரைத் தூதராக அனுப்பினார். தான்சானியாவில் செய்தியாளர் கேட்டனர்: தென்னாப்பிரிக்க நிறவெறி காரணமாக 1976-இல் நாங்கள் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது அமெரிக்கா எங்கே போயிற்று? அச்செய்தியே தமக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வந்திருக்கமாட்டேன் என்ற கருத்தில் அலி பேசினார். உலக வீரனும் கேள்வி கேட்டவரிடமிருந்து கற்றுக்கொண்டான்.

நமக்குள் பேச வேண்டிய வாதமும் அமெரிக்காவிலிருந்து வருகிறது. அடிமையாகப் பிறந்த புக்கர் வாஷிங்டன் 1881-இல் டஸ்கீகி தொழிற்பள்ளியைத் தொடங்கினார். மாணவர்களே செங்கல் சுட்டுக் கட்டடம் எழுப்பினர். முதலில் தொழில், பின்பே உரிமை என்பது அவர் நெறி. டுபாய்ஸ் 1903-இல் தம் நூலில் இதை மறுத்தார். உயர்கல்வி இல்லையேல் அத்தொழிற்பள்ளிக்கே ஆசிரியர் எங்கிருந்து வருவர் என்றார்.

தேர்வு முடிவு வரும் நாட்களில் நம் வீடுகளில் இதே வாதம் நடக்கிறது. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்து விரைவில் சம்பாதி என்கிறார் தந்தை. கல்லூரிக்குப் போகிறேன் என்கிறாள் மகள். தந்தையின் அச்சம் பொருளற்றதன்று, அடுப்பெரிய வேண்டும். ஆயின் 1983-இல் சென்னைத் துறைமுகத்தில் கொள்கலன் முனையம் வந்தது. தோள்கள் தூக்கிய சுமை பளுதூக்கிக்குப் போயிற்று. 1996-இல் பெரம்பூர் பி அண்டு சி ஆலை மூடப்பட்டது. எந்த இயந்திரம் வரும், எந்த ஆலை மூடும் என்று முடிவெடுத்த மேசையில் நம்மவர் அமரவில்லை. வெல்டிங் கற்ற இளைஞர் எவரும் தலைகுனிய இதில் ஒன்றுமில்லை; டக்ளசும் கைத்தொழிலாளரே. எனினும் நாம் டுபாய்ஸ் பக்கம் நிற்கிறோம். வேறு கருத்துடையோர் எழுந்து வாதிட வேண்டும். சங்கத் தோழர்கள் சிலர் வாதிடுவார்கள் என்று எதிர்பார்க்கிறோம்.

வரும் ஞாயிறு மாலை கழகத்தின் படிப்பறையில் டக்ளஸ் நூலின் ஏழாம் அதிகாரத்தை ஒருவர் வாசிக்க, ஒருவர் தமிழில் சொல்லிச் செல்வார். கப்பல் மரத்தில் எழுத்துக் கற்ற பகுதி அதுவே. ஆங்கிலம் வராதவர்கள் முன்வரிசையில் அமருங்கள். பள்ளியை விட்டு நின்ற தம்பி தங்கையரையும் அழைத்து வாருங்கள்.