திறனோடு வந்தோரும் குடியேறிய நாடும்

(பெற்றோர், இளையோர் சந்திப்பு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்காவில் குடியேற்றம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கின்றன. "வெளிநாட்டார் வந்து இந்நாட்டவரின் வேலையைப் பறித்துக்கொள்கின்றனர்" என்பது ஒரு குரல். "வெளிநாட்டார் இல்லையேல் இந்நாடு ஓர் அடியும் நகராது" என்பது மற்றொரு குரல். தமிழ்ப் பிள்ளைகள் முதற்குரலைப் பள்ளியிலும், இரண்டாம் குரலை வீட்டிலும் கேட்டு வளர்கின்றனர். இரண்டும் மிகையே. உண்மை நிலையைச் சான்றுகளோடு அறிந்து வைத்திருப்பது, இந்நாட்டில் வேரூன்ற விரும்பும் ஒவ்வொரு குடும்பத்திற்கும் இன்றியமையாதது.

கதவு திறந்த வரலாறு

சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் 1937ஆம் ஆண்டு சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியேற்றார். அக்காலத்தில் இந்தியர் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டத்தில் இடமில்லை. 1946இல் இயற்றப்பட்ட சட்டமே அந்தத் தடையை நீக்கியது. அதுவும் ஆண்டுக்கு 100 இந்தியர் மட்டுமே குடியேறலாம் என்ற வரம்போடு. சந்திரசேகர் 1953இல் குடியுரிமை பெற்றார். விண்மீன்களின் அமைப்பையும் வளர்ச்சியையும் பற்றிய ஆய்வுகளுக்காக 1983இல் நோபல் பரிசு பெற்றார். 1999இல் விண்ணில் ஏவிய எக்ஸ் கதிர் ஆய்வகத்திற்கு நாசா அவர் நினைவாகச் "சந்திரா" என்று பெயரிட்டது.

பிறந்த நாட்டை வைத்து ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பழைய ஒதுக்கீட்டு முறையை 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஒழித்தது. அதன் பின்னரே இந்தியாவிலிருந்து மருத்துவரும் பொறியாளரும் பெருமளவில் வரத் தொடங்கினர். 1990ஆம் ஆண்டுச் சட்டம் எச்-1பி எனும் தொழில்திறன் விசாவை உருவாக்கி, ஆண்டுக்கு 65,000 என வரம்பு விதித்தது. ஒய்2கே எனப்பட்ட கணினி ஆண்டுச் சிக்கலும் இணையத்தின் எழுச்சியும் ஒன்றுசேர்ந்த அப்பத்தாண்டின் இறுதியில், தமிழகத்திலிருந்து ஆயிரக்கணக்கான மென்பொருள் வல்லுநர்கள் இவ்வழியே வந்து சேர்ந்தனர். இன்று இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் கதை அங்கிருந்தே தொடங்குகிறது.

எண்கள் கூறுவது

வந்தோர் தந்தது என்ன? டியூக், பெர்க்லி பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் தெளிவான விடை தருகிறது. 1995 முதல் 2005 வரை அமெரிக்காவில் தொடங்கப்பட்ட பொறியியல், தொழில்நுட்ப நிறுவனங்களுள் 25.3 விழுக்காட்டில், முதன்மை நிறுவனர்களுள் ஒருவரேனும் வெளிநாட்டில் பிறந்தவர். சிலிக்கான் பள்ளத்தாக்கில் இது 52.4 விழுக்காடு. இந்நிறுவனங்கள் 2005ஆம் ஆண்டில் ஈட்டிய விற்பனை வருவாய் 5,200 கோடி டாலர். அவை வேலை அளித்தோர் 4,50,000 பேர். குடியேறியோர் தொடங்கிய நிறுவனங்களுள் ஏறத்தாழ நான்கில் ஒன்று இந்தியர் தொடங்கியது.

நிறுவனங்கள் மட்டுமன்றிக் கண்டுபிடிப்புகளும் பெருகின. மக்கள்தொகையில் குடியேறிய பட்டதாரிகளின் பங்கு ஒரு விழுக்காட்டுப் புள்ளி உயர்ந்தால், தலைக்கு இத்தனை என்று கணக்கிடப்படும் காப்புரிமைகள் 9 முதல் 18 விழுக்காடு வரை உயர்கின்றன என்று 2010இல் வெளியான ஜெனிஃபர் ஹண்ட் குழுவினரின் ஆய்வு காட்டியது. குடியேறியோர் பிறர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அதே வேலையைச் செய்கின்றனர் என்றால், இந்த உயர்வு ஏற்பட்டிருக்க இயலாது.

ஒருவர் மற்றவருக்குத் திறந்த கதவு

இந்த உயர்வு எவ்வாறு நிகழ்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஜெர்மனியிலிருந்து 1975இல் மாணவராக வந்தவர் ஆண்டி பெக்டோல்ஷைம். இந்தியாவிலிருந்து வந்த வினோத் கோஸ்லா முதலியோருடன் இணைந்து 1982இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். 1998இல், இரண்டு ஆய்வு மாணவர்களின் தேடுபொறியைக் கண்டு ஒரு இலட்சம் டாலருக்குக் காசோலை எழுதிக் கொடுத்தார். அம்மாணவருள் ஒருவரான செர்கே பிரின், ஆறு வயதில் பெற்றோருடன் மாஸ்கோவிலிருந்து வந்தவர். அந்நிறுவனமே கூகுள். அதன் முதல் முதலீட்டாளர்களுள் சென்னையில் பிறந்த ராம் ஸ்ரீராமும் ஒருவர். 2015இல் அதன் தலைமைச் செயல் அதிகாரியானார் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை.

முன்னே வந்தவர் ஈட்டிய பணமும் பட்டறிவும் பின்னே வந்தவருக்கு முதலாயின. லாரி பேஜ் போன்ற இந்நாட்டிற் பிறந்தோரும் இவர்களோடு தோளோடு தோள் நின்றனர். பல்கலைக்கழகங்களையும் முதலீட்டுச் சந்தையையும் நீதிமன்றங்களையும் அமெரிக்கா அமைத்துத் தந்தது. வந்தவர் தந்ததைப் பேசும்போது, பெற்றதையும் பேசுவதே நேர்மையாகும்.

காலம் எனும் முதலீடு

மேற்கண்ட ஆய்வின் தொடர்ச்சியில் கிடைத்த ஒரு செய்தி பலரது கவனத்திற்கு வராமற் போயிற்று. நிறுவனம் தொடங்கிய அக்குடியேறியோருள், தொழில் தொடங்கும் நோக்கத்தோடு வந்தவர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. பாதிக்கு மேற்பட்டோர் படிக்க வந்தவர்கள். ஏனையோருள் பெரும்பாலோர் வேலைக்கு வந்தவர்கள். வந்து சராசரியாக 13 ஆண்டுகள் கழித்தே அவர்கள் நிறுவனத்தைத் தொடங்கினர்.

அதாவது, விமானத்திலிருந்து இறங்குவோருள் யார் வருங்காலத் தொழில்முனைவர், யார் நோபல் அறிஞர் என்று எந்தக் குடிவரவு அதிகாரியாலும் கூற இயலாது. திறன் பயன்தர ஆண்டுகள் பல வேண்டும். அந்த ஆண்டுகளில் வேலை மாறும் உரிமையும், துணிந்து ஒன்றைத் தொடங்கும் உரிமையும், நாளை இங்கேயே இருப்போம் என்ற உறுதியும் வேண்டும்.

காதலின் காரிக்கோவின் வாழ்க்கை இதற்குச் சான்று. 1985இல் அங்கேரியிலிருந்து கணவரோடும் இரண்டு வயது மகளோடும் அவர் அமெரிக்கா வந்தார். காரை விற்றுக் கிடைத்த பணத்தை மகளின் கரடிப் பொம்மைக்குள் வைத்துத் தைத்துக் கொண்டுவந்தார். எம்ஆர்என்ஏ பற்றிய அவரது ஆய்வுக்கு நிதி கிடைக்கவில்லை. 1995இல் பதவியிறக்கம் செய்யப்பட்டார். ஆயினும் விடவில்லை. 2005இல் ட்ரூ வைஸ்மனோடு இணைந்து அவர் வெளியிட்ட கண்டுபிடிப்பே, 2020இல் கோவிட் தடுப்பூசிகளுக்கு அடித்தளமாயிற்று. 2023இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. 1995இல் "இவரால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று எவரேனும் கணக்குப் பார்த்திருந்தால், விடை சுழியமாகவே இருந்திருக்கும்.

2013இல் காரிக்கோ ஜெர்மனியின் பயோஎன்டெக் நிறுவனத்தில் இணைந்தார். அதன் நிறுவனர்களுள் ஒருவரான உகுர் சாகின், நான்கு வயதில் துருக்கியிலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர். அவர் தந்தை கொலோன் நகரின் கார்த் தொழிற்சாலைத் தொழிலாளி. பட்டம் பெற்றவரை மட்டுமே வரவேற்க வேண்டும் என்போர் இதனைச் சிந்திக்க வேண்டும். திறனாளர் பட்டியலில் அத்தந்தையின் பெயர் இடம்பெற்றிருக்காது.

குறைகளை மறைத்தல் ஆகாது

எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டுகள் அனைத்தும் பொய் என்று கூறுவது பொருந்தாது. அமெரிக்க ஊழியர்களைப் பணிநீக்கம் செய்து, அவர்களைக் கொண்டே விசாவில் வந்த மாற்று ஆட்களுக்குப் பயிற்சி அளிக்க வைத்த நிகழ்ச்சிகள் 2010களில் செய்தியாயின. அவ்வாறு வேலை இழந்தவரின் கசப்பை வெறும் இனவெறி என்று ஒதுக்கிவிட இயலாது.

ஆனால் அக்குறையின் வேர் எங்குள்ளது? எச்-1பி விசா குறிப்பிட்ட ஒரு நிறுவனத்தின் பொறுப்பில் தரப்படுகிறது. வேறு நிறுவனத்திற்கு மாறச் சட்டம் இடமளித்தாலும், புதிய நிறுவனம் விண்ணப்பிக்க முன்வர வேண்டும். வேலை பறிபோனால் மீண்டும் ஒன்றைத் தேட 60 நாள் அவகாசமே உண்டு. 2017க்கு முன் அதற்கும் விதியில்லை. 2001இல் இணைய நிறுவனங்கள் சரிந்தபோது, வீட்டுப் பொருள்களை விற்றுவிட்டு ஊர் திரும்பிய குடும்பங்கள் பல. எளிதில் விலக முடியாத ஊழியருக்குக் குறைந்த ஊதியம் கொடுக்கலாம் என்று எண்ணும் முதலாளி, உள்நாட்டு ஊழியருக்கும் தீங்கு செய்கிறார். வந்தவருக்கு விரைவில் முழு உரிமை கிடைத்தால், இருவருமே காக்கப்படுவர்.

இன்னொன்றும் பலர் அறியாதது. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, எச்-1பி விண்ணப்பத்தோடு நிறுவனங்கள் செலுத்தும் கட்டணத்தின் ஒரு பகுதி, அமெரிக்கத் தொழிலாளர் பயிற்சிக்கும் தேசிய அறிவியல் அறக்கட்டளை வழியாக வசதி குறைந்த மாணவரின் கல்வி உதவித்தொகைக்கும் செல்கிறது.

வரிசையில் நிற்கும் வாழ்க்கை

வேலைவாய்ப்பின் அடிப்படையில் ஆண்டுதோறும் வழங்கப்படும் கிரீன் கார்டுகள் ஏறத்தாழ 1,40,000. மனைவி, கணவர், பிள்ளைகளுக்கு உரியவையும் இதனுள் அடக்கம். எந்த ஒரு நாட்டில் பிறந்தவருக்கும் பொதுவாக 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. மிகச் சிறிய நாட்டுக்கும் இதே வரம்பு. இந்தியாவுக்கும் இதே வரம்பு. இதன் விளைவாக இந்தியாவில் பிறந்தோர் பத்தாண்டுகளுக்கும் மேலாகக் காத்திருக்கின்றனர். இந்த வரம்பை நீக்கும் சட்ட முன்வரைவு 2019 சூலையில் பிரதிநிதிகள் அவையில் 365 வாக்குகளுடன் நிறைவேறியது. 2020 திசம்பரில் மேலவை வேறொரு வடிவில் நிறைவேற்றியது. இரண்டும் ஒன்றுபடாமல் அது சட்டமாகாமலே போயிற்று. 2025 செப்டம்பரில், வெளிநாட்டில் இருப்போருக்கான புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணம் விதிக்கும் அதிபர் ஆணை வெளியாயிற்று. அதனை எதிர்த்து வழக்குகளும் தொடரப்பட்டன.

தொழில் தொடங்கச் சராசரியாக 13 ஆண்டுகள் ஆயின என்று மேலே கண்டோரின் நிலையை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இன்று அதே ஆண்டுகளை வரிசையிலேயே கழிக்கும் ஒரு பொறியாளர், மனத்தில் எண்ணம் இருந்தும் தொழில் தொடங்க அஞ்சுகிறார். இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் பதிவாவதில்லை.

இதனினும் கொடியது பிள்ளைகளின் நிலை. கைக்குழந்தையாக இங்கு வந்து, இங்கேயே பள்ளி பயின்ற பிள்ளை, பெற்றோரின் வரிசை முடியுமுன் 21 வயதை அடைந்தால், சார்ந்து வாழும் தகுதியை இழக்க நேர்கிறது. 2002ஆம் ஆண்டுச் சட்டம் சிலருக்கே பாதுகாப்பளிக்கிறது. ஏனையோர் மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அல்லது நினைவே இல்லாத ஒரு நாட்டுக்குத் திரும்ப வேண்டும். சட்டப்படி வந்தவர் என்பதாலேயே, ஆவணமின்றி வந்த சிறாருக்கான 2012ஆம் ஆண்டுத் திட்டத்தின் பாதுகாப்பும் இவர்களுக்கு இல்லை.

அயலாரை ஐயுற்று இழப்பதன் விலையை அமெரிக்கா முன்பே ஒருமுறை கண்டது. 1935இல் சீனாவிலிருந்து மாணவராக வந்த சியென் சுவேசென், கலிபோர்னியாவின் ராக்கெட் ஆய்வுக்கூடத்தை உருவாக்கியோருள் ஒருவர். 1950இல் பொதுவுடைமையர் என்ற ஐயத்தால் அவரது ஆய்வு அனுமதி பறிக்கப்பட்டது. ஐந்தாண்டுகள் கண்காணிப்பில் வைக்கப்பட்டு, 1955இல் சீனா சென்றார். அங்கு அவரே ஏவுகணைத் திட்டத்தின் தந்தையானார்.

செய்யத்தக்கவை

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வெற்றி பெற்றோரின் பெயர்களைப் பிள்ளைகள்முன் அடுக்குவதோடு நின்றுவிட வேண்டாம். காரிக்கோவின் கதையில் வரும் அந்த இரண்டு வயது மகள் ஆய்வாளராகவில்லை. படகோட்டும் வீராங்கனையாக, 2008, 2012 ஒலிம்பிக் போட்டிகளில் அமெரிக்காவுக்குத் தங்கம் வென்றார். நாட்டுக்கு ஆற்றும் பங்கு பொறியியல் வழியேதான் வரவேண்டும் என்பதில்லை. குடியுரிமை பெற்றவர்கள் வாக்காளராகப் பதிவு செய்து, தவறாமல் வாக்களித்தல் வேண்டும். தம் வரிசை முடிந்தது என்று அமைதியாகிவிடாமல், இன்னும் வரிசையில் நிற்போருக்காகத் தம் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதுதல் வேண்டும்.

இளையோர்க்கும் ஒரு சொல். வகுப்பிலோ வேலையிடத்திலோ முதற்குரலைக் கேட்கும்போது, சினம் கொள்ளாமல் சான்றுகளை எடுத்துரைக்கலாம். எனினும் ஒன்றை மறத்தல் ஆகாது. குடியேறியவர் நாட்டுக்கு ஆதாயம் தருகிறார் என்பது நல்ல வாதம். ஆனால் ஆதாயம் தருவோருக்கு மட்டுமே மதிப்பு என்பது அதனின்று பெறப்படும் முடிவன்று. கடை ஊழியரும், முதியோரைப் பேணுபவரும், அகதியாக வந்து சேர்ந்தவரும் அதே கண்ணியத்திற்கு உரியவர்கள்.

விதை நல்லதாயினும் வேர்விட நிலமும் காலமும் வேண்டும். அந்த நிலத்தையும் காலத்தையும் அடுத்து வருவோர்க்கும் பெற்றுத் தருவதே, முன்னே வந்தவர் இந்நாட்டுக்குச் செய்யும் மிகப் பெரிய முதலீடு.