அடையாள அட்டையும் வாக்குரிமையும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் ஒருவர் பேச வந்தால் நீரிழிவும் இரத்த அழுத்தமும்தான் என்று நினைத்திருப்பீர்கள். செயலாளர் அக்காவும் அப்படி நினைத்து அழைப்பிதழுக்கு ஒரு தலைப்பு எழுதி வைத்திருந்தார். எங்கள் வகுப்புக்காரர் கூடிப் பேசி அதை மாற்றச் சொன்னோம். நாங்கள் பேச விரும்பியது உங்கள் எல்லோருடைய கைப்பையிலும் இருக்கும் ஒரு சிறு அட்டையைப் பற்றி.

1995 ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தபோது எங்களுக்குப் பதினைந்து வயது. வீட்டுக்கு வீடு ஒரு பை இருந்தது. பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், காணி உறுதி, பெரியவர்களின் அடையாள அட்டைகள். சோறு மறந்தாலும் பை மறக்கவில்லை. திரும்பி வந்தபின் படலை தாண்டுவதென்றாலே அட்டை வேண்டும். சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி. சாதாரண தரப் பரீட்சைக்கும் அட்டை வேண்டும். வகுப்பாசிரியை படிவங்களை மேசையில் அடுக்கி, ஒவ்வொருவருடைய பெயரையும் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தார். அதிபர் உறுதிப்படுத்திக் கையெழுத்திட்டார். இரட்டைப் பின்னலும் கழுத்துப்பட்டியுமாக எடுத்த அந்தப் படத்தோடுதான் பல வருடங்கள் வாக்களிக்கப் போனோம். அட்டை வாங்குவது ஒரு சிரமமான காரியம் என்பதே எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. அந்தச் சிரமத்தைக் கல்லூரி பட்டுவிட்டது.

அந்த வருடம் எங்கள் வகுப்பில் இல்லாமற் போனவர்களுக்குப் படிவம் கொண்டுவர யாரும் இருக்கவில்லை. இதைப் பற்றி அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

இலங்கையில் வாக்களிப்பு நிலையத்தில் அடையாளத்தை நிரூபிக்க வேண்டும் என்பதைச் சட்டமாக்கியது 2004 ஆம் ஆண்டின் தேர்தல்கள் விசேட ஏற்பாடுகள் சட்டம். தேசிய அடையாள அட்டை, கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை என்று ஒரு பட்டியல் உண்டு. வாக்காளர் அட்டை கையில் இல்லாவிட்டாலும் வாக்களிக்கலாம். அடையாள அட்டை இல்லாவிட்டால் முடியாது. இது தேவையில்லாத சட்டம் என்று நாங்கள் சொல்லமாட்டோம். கள்ள வாக்கு எங்களுக்குக் கதையல்ல. வெயிலில் வரிசையில் நின்று உள்ளே போய், "உங்கடை வாக்குப் போட்டாச்சு அம்மா" என்று கேட்டுத் திரும்பி வந்த தாய்மாரை இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ஆகவே அட்டை கேட்பது சரியா, பிழையா என்று மட்டும் வாதாடுவதில் எங்களுக்கு அக்கறையில்லை. அட்டை இல்லாதவரிடம் அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார் பொறுப்பு?

லண்டனிலிருந்து வந்திருப்பவர்களுக்கு இந்த வாதம் புதிதல்ல. 2022 இல் பிரித்தானியா சட்டம் இயற்றி, 2023 மே உள்ளூராட்சித் தேர்தலில் இங்கிலாந்தில் முதன்முறையாகப் படத்துடன் கூடிய அடையாளம் கேட்டது. அட்டை இல்லாதவர்களுக்கு இலவசச் சான்றிதழும் உண்டு. அப்படியிருந்தும் ஏறக்குறைய 14,000 பேர் திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி வரவேயில்லை. முதியோரின் பஸ் பாஸ் செல்லும், இளையோரின் ரயில் அட்டை செல்லாது என்ற பட்டியலைப் போட்டவர்கள் யாரோ!

கன்னியாஸ்திரீகளிடம் படித்தவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள், அடுத்தது அவர்களுக்காக. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் 2008 மே மாதம் ஒரு கன்னியர் மடத்தைச் சேர்ந்த பன்னிரண்டு பேரளவில் வாக்களிக்காமல் திரும்பினார்கள். எண்பது, தொண்ணூறு வயதானவர்கள். வாகனம் ஓட்டுவதில்லை, ஆகவே சாரதி அனுமதிப்பத்திரம் இல்லை. திருப்பி அனுப்பியவர் வாக்களிப்பு நிலையத்தில் கடமையிலிருந்த அதே மடத்துச் சகோதரி. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அறிந்தவர்! அந்தச் சட்டம் செல்லுபடியாகும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துச் சில நாட்களே ஆகியிருந்தன. கனடாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அதே வட்டாரத்து வாக்காளர் ஒருவர், இவரை எனக்குத் தெரியும் என்று எழுத்தில் உறுதி கூறினால் போதும். ஒருவர் ஒருவருக்கு மட்டுமே கூறலாம். 2014 இல் அதை எடுத்துவிட்டு, 2018 இல் மறுபடி கொண்டுவந்தார்கள்.

எங்கள் நாட்டுக்கு வருவோம். எமது கல்லூரி தொடங்கிய சில வருடங்களில், 1927 இல், கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் அமைந்தது. அதன் செயலாளர் அக்னஸ் டி சில்வா டொனமூர் ஆணைக்குழு முன் சாட்சியமளித்தபோது, தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று வினவப்பட்டது. அவர்களும் பெண்கள்தாமே என்று தயங்காமல் பதில் சொன்னார். ஆணைக்குழு முதலில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கென்று சொன்னது. பின்பு ஆண்களைப் போலவே இருபத்தொன்றாயிற்று. 1931 இல் தேர்தல் வந்தது. யாழ்ப்பாணத்தின் நான்கு தொகுதிகளும் பகிஷ்கரித்ததால் எங்கள் பாட்டிமார் 1934 வரை காத்திருந்தது தனிக்கதை.

தோட்டப் பெண்களுக்கு 1931 இலேயே வாசலில் பத்திரம் கேட்கப்பட்டது. ஐந்து வருட வதிவு அல்லது நிரந்தரக் குடியிருப்புச் சான்றிதழ். 1948 இன் குடியுரிமைச் சட்டம் தகப்பன் இங்கே பிறந்ததற்குச் சான்று கேட்டது. 1949 இல் அவர்களுடைய வாக்கும் போயிற்று. அந்த ஆண்டின் மற்றொரு சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் குடியுரிமைக்கு விண்ணப்பித்தனர். கிடைத்தது சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. நாடற்றோர் பிரச்சினையை முடித்துவைக்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது. அடுத்த வருடமே வாக்களிக்க அடையாள அட்டை கேட்கும் சட்டம் நிறைவேறிற்று. குடியுரிமை கிடைத்தவருக்கு அட்டையும் தானாக வந்துவிடவில்லை. லயத்தில் பிறந்து பதியப்படாத பெயர், பதியப்பட்டும் பிழையாக எழுதப்பட்ட பெயர் என்று பலர் அலைந்தார்கள். பிரதேச செயலகத்துக்கு ஒரு நாள் போனால் அன்றைய பேர் போயிற்று. பேர் என்பது தோட்டத்தில் ஒரு நாட் சம்பளம்.

எங்கள் வகுப்பில் மூவர் வைத்தியர்களாகி, மலையகத்து வைத்தியசாலைகளில் வேலை செய்தோம். அங்கே ஒரு விடுதியில் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும்.

காலில் புண்ணோடு ஒரு அம்மா இருந்தார். அறுபதைத் தாண்டியவர். அவரிடம் தேசிய அடையாள அட்டை இல்லை. அந்த முறை கிராம சேவையாளர் உதவியால் தேர்தலுக்கு மட்டும் செல்லுபடியாகும் தற்காலிக அட்டை கிடைத்திருந்தது. அதை வாக்காளர் அட்டையோடு சேர்த்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தார். தேர்தல் நாள் காலை எங்களிடம் இரண்டையும் எடுத்துக் காட்டினார். "டாக்டரம்மா, மகன் ஆட்டோ கொண்டாந்திருக்கான். போட்டுட்டு ஓடியாந்திர்றேன்." ஊசி எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. காலை ஊசி போட்டாயிற்று. சக்கர நாற்காலியில் வாசல்வரை கொண்டுபோனால், இரண்டு மணித்தியாலத்தில் திரும்பியிருப்பார். ஒரு கையெழுத்துத்தான் தேவைப்பட்டது. நாங்கள் போடவில்லை. ஏதும் நடந்தால் யார் பதில் சொல்வது என்று யோசித்தோம். படுத்திருங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனோம்.

நாங்கள் தபால் மூலம் முன்பே வாக்களித்திருந்தோம். அரசாங்க ஊழியருக்கு அந்த வசதி உண்டு. விடுதியில் படுத்திருக்கும் நோயாளிக்கு இல்லை. மாலை ஊசிக்குப் போனபோது அவர் எதுவும் கேட்கவில்லை. அட்டை தலையணைக்குக் கீழேதான் இருந்தது. எந்தச் சட்டமும் அன்றைக்கு அவரைத் தடுக்கவில்லை. தடுத்தது நாங்கள்.

அதற்குப் பிறகு வந்த தேர்தல்களில் போகக்கூடிய நோயாளிகளை முதல்நாளே பார்த்து, யாரிடம் அட்டை இருக்கிறது என்று கேட்டு, விடுப்புக் கொடுத்தோம். அந்த அம்மாவுக்கு அது உதவவில்லை.

இந்த வருடம் அதிபரின் அனுமதியோடு எங்கள் வகுப்பின் பழைய வரவு இடாப்பை எடுத்துப் பார்த்தோம். 1995 இற்குப் பின் சாதாரண தரம் எழுதாமல் நின்றவர்கள் பதினொரு பேர். ஐந்து பேரைத் தேடிப் பிடித்தோம். அவர்களில் நால்வரிடம் அட்டை உண்டு. சிலர் முப்பது வயதுக்குப் பிறகு எடுத்தது. மற்ற வகுப்பினரும் தங்கள் இடாப்புகளைப் பாருங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களால் இங்கே வாக்களிக்க முடியாது, ஆனால் யார் எங்கே இருக்கிறார் என்பது உங்களுக்குத்தான் கூடத் தெரிந்திருக்கும். எழுதி அனுப்புங்கள்.

ஐந்தாமவர் எங்களோடு ஒரே வாங்கில் இருந்தவர். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தில் தகப்பனாரின் பெயரில் ஓரெழுத்துப் பிழை. திருத்தத்துக்கு விண்ணப்பித்திருக்கிறோம். வருகிற வியாழக்கிழமை பிரதேச செயலகத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எங்களில் இருவர் கூடப் போகிறோம்.