ஒரே பேரேடு



சொந்த ஊருக்குப் புறப்படுவது நம்மனோர்க்கு வெறும் பயணம் அன்று. ஆண்டுக்கு ஒரு முறையோ இரு முறையோ நிறைவேற்ற வேண்டிய கடமையும் ஆகும். ஐதராபாத் நகருக்கு மேற்கே, மும்பை நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ராமச்சந்திராபுரத்தில் இதனை நாம் நன்கு அறிவோம். பாரத மிகுமின் நிறுவனத்தின் ஆலை 1960-களில் இங்கே எழுந்தது. அதனை நாடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல. இன்றும் கோடை விடுமுறை நெருங்கினால் குடியிருப்புகளில் முதலில் எழும் கேள்வி, "டிக்கெட் போட்டாகிவிட்டதா?" என்பதே.

நம் வீட்டில் நிகழ்ந்த ஒன்றை முதற்கண் சொல்லுகிறோம். அன்னையாருக்கு எண்பது வயது. அவருடைய ஒரே தம்பி, அதாவது எங்கள் தாய்மாமன், சென்னையில் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்திருந்தார். "அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்" என்று அவர் சொல்லி அனுப்பினார். பயண விவரம் முழுவதையும் வீட்டுக் கணிப்பொறியில் எழுதினோம். ஒரு படி கைப்பேசியில் இருந்தது. மற்றொரு படியைக் காஞ்சிபுரத்தில் உள்ள தம்பிக்கு அனுப்பினோம். சக்கர நாற்காலியுடனும் வாடகைக் காருடனும் சென்னை நிலையத்தில் எங்களை எதிர்கொள்வது அவன் பொறுப்பு.

முதலில் குறித்த நாளில் இடம் காத்திருப்போர் பட்டியலிலேயே நின்றது. எனவே மறுநாளைக்கு மாற்றினோம். ஆலைப் பேருந்தில் சென்றுகொண்டே கைப்பேசிப் படியில் மட்டும் தேதியைத் திருத்தினோம். மாலையில் இல்லத்தரசியார் கணிப்பொறியைத் திறந்து, அன்னையாரின் மருந்துப் பட்டியலை அதே குறிப்பில் சேர்த்து, குறிப்பு முழுவதையும் எல்லோருக்கும் மீண்டும் அனுப்பினார். அவர் செய்ததில் பிழையில்லை. ஆனால் அக்குறிப்பில் இருந்தது பழைய தேதி. பின்னால் வந்ததே புதியது என்று தம்பி கொண்டான். ஒரு நாள் முன்னதாக வந்து காத்திருந்து, பிள்ளையின் பள்ளித் தேர்வை முன்னிட்டு ஊர் திரும்பிவிட்டான். மறுநாள் விடியலில் நாங்கள் இறங்கியபோது நடைமேடையில் ஒருவரும் இல்லை. கார் பிடித்து மருத்துவமனை சேர்ந்தபோது மாமாவை உள்ளே அழைத்துச் சென்று அரைமணி நேரம் ஆகியிருந்தது. அவர் நலமாகவே மீண்டார் என்பது எங்கள் நல்லூழ். அந்த நான்கு மணி நேரம் அன்னையார் ஒரு சொல்லும் பேசாமல் அமர்ந்திருந்ததை மட்டும் நாங்கள் மறக்கவில்லை.

இப்பிழை நமக்கு மட்டும் உரியதன்று. ஒரு செய்தியைப் பல இடங்களில் எழுதி வைக்கும் எவருக்கும் நேரக்கூடியது. நம் நாட்டு ரயில்வேயே பல்லாண்டுகள் இதனோடு மல்லாடியது.

கணிப்பொறி வருமுன் முன்பதிவு பேரேட்டில் நடைபெற்றது. ஒவ்வொரு வண்டிக்கும் தனிப் பேரேடு; ஒவ்வொரு நிலையத்துக்கும் இத்தனை படுக்கை என ஒதுக்கீடு. சிக்கந்தராபாத்தில் நின்றுகொண்டு சென்னையிலிருந்து திரும்பி வரும் படுக்கையைப் பெற வேண்டுமாயின், இங்கிருந்து தந்தி போக வேண்டும். அங்கே பேரேட்டில் பதிந்து விடை வர வேண்டும். விடை வாராமலே புறப்பட்டுச் சென்றோர் பலர்.

உலகின் பிற இடங்களிலும் இதுவே நிலை. அமெரிக்க விமான நிறுவனம் ஒன்று சுழலும் மேசையில் அட்டைகளை அடுக்கி, ஊழியர்கள் சுற்றி அமர்ந்து இருக்கைகளைக் கணக்கிட்டது. அந்நிறுவனமும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து அமைத்த ‘சேபர்’ என்னும் கணிப்பொறி ஏற்பாடு 1964-ல் முழுமை பெற்ற பின்னரே அத்தொல்லை நீங்கியது.

இந்திய ரயில்வேயில் கணிப்பொறி முன்பதிவு 1985-ல் புதுதில்லியில் தொடங்கியது. பின்னர் மும்பை, கல்கத்தா, சென்னை, சிக்கந்தராபாத் ஆகிய இடங்களிலும் மையங்கள் எழுந்தன. ஆயினும் அவை பெரும்பாலும் தனித்தனித் தீவுகளாகவே இயங்கின. பேரேடு மின்மயமானது, பிரிவு நீங்கவில்லை. 1986-ல் அமைந்த ரயில்வே தகவல் அமைப்பு மையம், இத்தீவுகளை இணைக்க ‘கான்சர்ட்’ என்னும் மென்பொருளை ஆக்கியது. அது முதன்முதல் செயற்பட்டது எங்கே? 1994 செப்டம்பரில், நமக்கு அண்மையிலுள்ள சிக்கந்தராபாத்தில்தான். 1999 ஏப்ரலில் ஐந்து மையங்களும் ஒன்றாய் இணைந்தன. 2002 ஆகஸ்டில் வீட்டிலிருந்தே இணையத்தின் வழியாக டிக்கெட் பெறும் வசதியும் வந்தது.

இந்த இணைப்பின் உட்பொருளை நாம் உணர வேண்டும். மையங்கள்தோறும் எல்லா வண்டிகளின் பேரேட்டையும் படியெடுத்து வைத்திருக்கிறார்களோ எனில், இல்லை. ஒவ்வொரு வண்டியின் கணக்கும் ஒரு மையத்துக்கே உரியது. சென்னை மையத்துக்குரிய வண்டியில் இங்குள்ள ஒருவர் படுக்கை கேட்டால், இங்குள்ள பொறி தானாக முடிவு செய்வதில்லை, சென்னையைக் கேட்கிறது. விடை முடியும் வரை அதே படுக்கை இன்னொருவருக்குப் போகாது.  கேட்பவர் பலர், எழுதும் ஏடு ஒன்று. இதுவே அதன் நெறி.

இந்நெறியை வீட்டுக்குக் கொணர்வது அரிதன்று. நாங்கள் இப்போது பின்பற்றும் முறைகள் சிலவற்றைக் கூறுகிறோம்.

முதலாவது, பயணக் குறிப்புக்கு ஓர் ஏடே மூல ஏடு. அது இணையத்தில் எல்லோரும் திறக்கக்கூடிய ஒன்றாக இருக்கலாம். வீட்டுக் கணிப்பொறியில் இருக்கலாம். சுவரில் தொங்கும் நாட்காட்டியாகவும் இருக்கலாம். எது என்பதைவிட, ஒன்றே என்பது பெரிது. மற்றவை பார்ப்பதற்கு மட்டும், திருத்துவதற்கு அல்ல.

இரண்டாவது, குறிப்பு முழுவதையும் மீண்டும் அனுப்புதல் கூடாது. மாறிய ஒரு வரியை மட்டும் அனுப்ப வேண்டும். "புறப்படும் நாள் மாறியது, பழையது இது, புதியது இது, மாற்றியவர் இன்னார், நேரம் இது" என்று எழுதினால் குழப்பத்துக்கு இடமில்லை. பிந்தி வந்த குறிப்பு பிந்தி எழுதியதாகவே இருக்கும் என்று கொள்ளுதல் தவறு என்பதை நாங்கள் விலைகொடுத்துக் கற்றோம்.

மூன்றாவது, இணைப்பு இல்லாத இடத்தில் மாற்றம் நேர்ந்தால், அதனைத் தனித்தாளில் குறித்து வைத்து, வீடு சேர்ந்ததும் மூல ஏட்டோடு வரிவரியாக ஒப்பிட்டுச் சேர்க்க வேண்டும். இரண்டு படிகள் முரண்பட்டால் பொறி முடிவு செய்யலாகாது. எழுதிய இருவரும் பேசியே முடிவு செய்ய வேண்டும்.

நான்காவது, தேதியோடு பத்து இலக்கப் பி.என்.ஆர். எண்ணையும் எழுதுக. மாலையில் ஏறி மறுநாள் காலையில் இறங்கும் வண்டிக்கு ஏறும் நாள், இறங்கும் நாள் இரண்டையும் கிழமையோடு குறிக்க வேண்டும். நள்ளிரவு கடந்து புறப்படும் வண்டிக்கு இது இன்னும் இன்றியமையாதது. ஐயம் எழுந்தால் அவ்வெண்ணைக் கொண்டு 139-ல் கேட்டறியலாம். அங்கே பேசுவது நம் படி அன்று, மூல ஏடு.

ஐந்தாவது, ஒரே ஏடு என்பதால் அது கெட்டால் எல்லாம் கெடும். ஆதலின் புறப்படும் நாளன்று அதனைத் தாளில் எடுத்து, எடுத்த நேரத்தையும் மேலே எழுதி, முதியோரின் பையில் வைத்தல் நலம். கைப்பேசி அணைந்தாலும் தாள் அணையாது.

அடுத்த முறை நாங்கள் சென்னை சென்றது மாமாவின் பேத்திக்குக் காது குத்தும் விழாவுக்கு. வண்டி நின்றதும் அன்னையார் சாளரத்தின் வழியே பார்த்தார். சக்கர நாற்காலியைப் பிடித்தபடி தம்பி நின்றான். அவனருகே, ஊன்றுகோலுடன், மாமாவும் நின்றார்.