ஒரு கூலிக்காரரின் காயமும் நம் வயிற்றுப் புண்ணும்
(தாம்பரத்தில் கூடிய ஆதரவாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தீமோத்தேயுவின் வயிற்றைக் குறித்துப் பவுல் அக்கறைப்பட்டதை வேதத்தில் வாசித்திருக்கிறோம். அதற்குப் பின் பல நூற்றாண்டுகள் சென்றும் இரைப்பைக்குள் நடப்பது மறைபொருளாகவே இருந்தது. அது உணவை அரைக்கிறதா, கரைக்கிறதா என்று பண்டிதர்கள் வாதாடினார்கள்.

1822 ஜூன் 6 அன்று அமெரிக்காவின் மாக்கினா தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலிக்காரர்மேல் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அவரைப் பிழைக்கவைத்தார். இரைப்பையில் விழுந்த துளை மட்டும் மூடவேயில்லை. 1825இல் மருத்துவர் இறைச்சித் துண்டையும் முட்டைக்கோஸையும் பட்டு நூலில் கட்டி அந்தத் துளைவழியே இறக்கினார். சில மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தார். இரைப்பை நீரைச் சீசாவில் எடுத்து உடற்சூட்டில் வைத்தார். அங்கேயும் இறைச்சி கரைந்தது! ஜீரணம் இரசாயன வேலை என்பது இப்படித்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

1833இல் புத்தகம் வந்தது, புகழ் மருத்துவருக்கு. செயின்ட் மார்ட்டினோ அவர் வீட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்தவர். 1880இல் அவர் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கேட்டு வரக்கூடாதென்று குடும்பத்தார் அதை அழுகும்வரை வைத்திருந்து ஆழமாகப் புதைத்தார்கள். அவர்களை எங்களால் குறை சொல்ல முடியவில்லை.

அதே இரைப்பை நீரின் அமிலம் புண்ணை ஆறவிடாமல் எரிக்கவும் செய்யும். 1922இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற டாக்டர் சாமர்வெல், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தைக் கண்டு, இங்கேயே ஊழியத்துக்கு வந்துவிட்டார். முன்சிறுகுடல் புண்ணுக்கு அவர் செய்த அறுவை சிகிச்சைகள் ஏராளம். அன்று கத்தியை விட்டால் வேறு வழி அதிகமில்லை. 1982இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியை வளர்த்துக் காட்டினார்கள். பெரும்பாலான புண்களுக்கு அதுவே காரணம் என்று பின்னர் உறுதியானது. இன்று இரண்டு வார மாத்திரையில் அதை ஒழிக்கலாம்.

ஆனாலும் பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர்வரை கட்டட வேலை செய்கிறவர்களில் பலர், வெறும் வயிற்றில் டீயோடு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள். அதுவும் புண்ணை உண்டாக்கும். எரிச்சலுக்கு மருந்துக் கடையில் ஏதோ வாங்கிக் குடித்து நாள் கடத்துகிறார்கள். இரத்த வாந்தி வந்தபின்தான் எங்களிடம் வருகிறார்கள். எண்டோஸ்கோப்பிக்கு ஒருநாள் கூலி போய்விடுமே என்ற பயம்!

உங்கள் காணிக்கை அந்தச் சோதனைக்கே செல்கிறது. உங்கள் தெருவில் யாருக்காவது மலம் தார்போலக் கறுத்துப் போனால், விடியட்டும் என்று காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள். கட்டணத்தைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.